கழற்றியதைக் கையில் கொடுத்துவிடு

மார்ச் 4

கடை திறந்தாயிற்று. பூசணிக்காய் இல்லை, ஊதுபத்தி இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு ஷட்டர், ஒரு மேசை. போர்டை நானே எழுதினேன்.

"பரிதி ஃபிரிட்ஜ் சர்வீஸ். வந்து பார்க்க 150. பழுது இல்லையென்றால் கட்டணம் இல்லை. கழற்றிய பாகம் உங்கள் கையிலேயே தரப்படும்." கீழே போன் நம்பர். முகவரி போடவில்லை. கடைக்கு முன்னால் நின்று படிப்பவனுக்குக் கடையின் முகவரி எதற்கு? என் அறை ரயில் நிலையத்துப் பக்கம், மாடியில். அது யாருக்கும் தேவையில்லாத தகவல்.

பக்கத்து டீக்கடை இருளப்பன் வந்து போர்டை இரண்டு தடவை படித்தார். முழுப்பெயர் இளம்பரிதி என்றேன்.

"இளம்பரிதின்னா என்ன அர்த்தம்?"

"காலைச் சூரியன்."

"அப்ப ஃபிரிட்ஜுக்கும் உங்களுக்கும் ஆகாதே, இன்ஜினியரே."

இன்ஜினியர் இல்லை, டிப்ளமோ என்று திருத்தினேன். அவர் திருத்திக்கொள்ளவில்லை. 

அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. அதனால்தான் இந்த ஊர். அழைப்புகள்: 0.

மார்ச் 9

முதல் அழைப்பு. சொக்கலிங்கபுரத்தில் ஒரு வீடு. ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றார்கள். பிளக் பாதி வெளியே வந்திருந்தது. அழுத்திவிட்டேன், ஓடியது. "பழுது இல்லை, கட்டணம் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மொத்தம் நான்கு நிமிடம்.

மாலையில் இருளப்பன் சொன்னார்: "நீங்க வந்து போனதும் அவரு நவநீதனைக் கூப்பிட்டிருக்காரு. காஸ் கம்மியா இருக்குன்னு ஆயிரத்து எண்ணூறு வாங்கிட்டுப் போயிருக்கான்."

"காஸ் குறையவே இல்லை. நான் பார்த்தேன்."

"காசு வாங்காம போனீங்கன்னா உங்களுக்கு வேலை தெரியலைன்னுதான நெனப்பாங்க? கொஞ்ச நேரம் அதைத் திருகி இதைத் திருகி, வேர்வையைத் துடைச்சிட்டு, அப்புறம் சொல்லணும்."

நான் நடிகனில்லை என்றேன். நவநீதன் இந்த ஊரின் பழைய ஃபிரிட்ஜ் மெக்கானிக், பதினெட்டு வருடப் பழக்கமாம். அவர் திருகும்போது நிறைய வியர்க்கும் போலிருக்கிறது.

மார்ச் 15

அழைப்புகள்: 0. கடையைப் பெருக்கினேன். இரண்டு தடவை.

மார்ச் 22, வெள்ளி

மாவு விற்கும் சண்முகக்கனி. வீட்டின் முன்னறைதான் கடை. 310 லிட்டர் ஃபிரிட்ஜ், பதினோரு வருடப் பழசு. உள்ளே ஆறு தூக்கில் மாவு, எல்லாம் பொங்கத் தொடங்கியிருந்தது. கம்ப்ரசர் போய்விட்டது, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும் என்று நவநீதன் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் வளையலைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். அடகு வைக்கக் கடைத்தெருவுக்குப் புறப்படும் முன் போர்டு ஞாபகம் வந்து என்னைக் கூப்பிட்டாராம்.

கம்ப்ரசர் 'உம்' என்று முனகியது. பத்து விநாடியில் 'டக்' என்று அணைந்தது. மூன்று பின்களிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கம்ப்ரசருக்கு ஒன்றும் இல்லை. அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே கருகியிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். கம்ப்ரசரைக் கிளப்பிவிடுவது மட்டும்தான் அதன் வேலை. புதியதைப் போட்டேன். ரிலே 250, வேலை 200. ஓடியது.

பழைய ரிலேயில் தேதி எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

"என்ன தம்பி இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கருகுன சாமானைக் கையில குடுக்குறீக?"

"கழற்றியது உங்களுடையது. குலுக்கிப் பாருங்க."

குலுக்கினார். உள்ளே உடைந்த சில்லு கிலுகிலுவென்றது.

"இதுக்கா ஆறாயிரத்து ஐந்நூறு?"

"இதுக்கு நானூத்தம்பது."

திரும்பவும் குலுக்கினார். சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வளையலை எடுத்துக் கையில் ஏற்றிக்கொண்டார். வாசலுக்கு வந்த பிறகு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். மணி மூன்றரை. சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

ஒரு கதவு ரப்பர் கேஸ்கட், ஒரு தெர்மோஸ்டாட். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அரை அடி நகர்த்தினேன். கட்டணம் இல்லை.

ஏப்ரல் 11

உதிரிபாகம் வாங்கப் போகும் வழியில் மாவுக்கடைத் தெரு வழியாகப் போனேன். அது குறுக்கு வழி. ஃபிரிட்ஜின் சத்தம் வாசல் வரை கேட்டது. சீரான சத்தம். அந்த ரிலேயை ஒரு நூலில் கட்டி, மாவு அளக்கும் இடத்துக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். குப்பையில் போடாமல் எதற்கு வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு விடுமுறை. அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்வதற்கு முன் சென்னையில் என்ன வெயில் என்று பார்த்துக்கொண்டேன். 35 டிகிரி.

"மெட்ராசுல வெயில் எப்படிக் கண்ணு?"

"முப்பத்தஞ்சும்மா. பரவால்ல."

"கம்பெனியில விசேசத்துக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"சாப்பாடு போட்டாங்க."

கம்பெனியை விட்டது அம்மாவுக்குத் தெரியாது. எங்கள் ஊர் மேட்டூரில் எல்லாரிடமும் மகன் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார். கடை நிலைத்த பிறகு சொல்லலாம். நிலைக்காவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. 

மத்தியானம் பரோட்டா. கடையில் நான் ஒருவன்தான். சர்வர் விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 27

பழைய சூப்பர்வைசர் டெரன்ஸ் போன் செய்தார்.

"என்னப்பா பரிதி, கோவம் ஆறிடுச்சா? சீனியர் டெக்னீஷியன் போஸ்ட் காலியா இருக்கு. ஜூன் அஞ்சுக்குள்ள சொல்லு. உன் கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் கம்மி பண்ணணும்."

"டார்கெட் இருக்கா?"

"டார்கெட் இல்லாத வேலை எது? எல்லாரும் செய்யறதுதானே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் அங்கே மட்டும் குறைந்துவிட்டது.

மே 3

தப்பு செய்துவிட்டேன்.

ஹபீபின் மருந்துக்கடை ஃபிரிட்ஜில் திங்கட்கிழமை ஒரு காஸ் கசிவை அடைத்தேன். உண்மையான கசிவு. பற்றவைத்து, சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். ஆனால் குழாயின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. கை போகாத இடம், அவசரம். இன்று காலை போன். ஃபிரிட்ஜ் மறுபடி சூடு.

போய்ச் சேர்ந்தபோது ஹபீப் இன்சுலின் டப்பாக்களைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே தெர்மாமீட்டர் 13 காட்டியது. எட்டைத் தாண்டக் கூடாது.

"கரண்டு ஏத்த இறக்கமா இருந்திருக்குமோ?" என்று அவரே கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். 

"இல்லை. நான் சரியா அடைக்கலை. தப்பு என்னோடது."

எதிர்க் கடையில் ஐஸ் வாங்கிப் பெட்டியை நிரப்பினேன். மறுபடி பற்றவைத்தேன். இந்த முறை ஒரு சிறு கண்ணாடியைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துக் குமிழி பார்த்தேன். மூன்று மணி நேரம் அங்கேயே நின்றேன், 4 டிகிரி வரும் வரை. காசு வாங்கவில்லை. அவர் டப்பாக்களைத் திரும்ப உள்ளே அடுக்கினார். இனி என்னைக் கூப்பிட மாட்டார். நியாயம்தான்.

அந்த டப்பாக்களைப் பார்த்ததிலிருந்து மேற்கு மாம்பலம் ஞாபகமாகவே இருக்கிறது. அதை எழுதப் போவதில்லை.

மே 15

கணக்கு தெளிவாக இருக்கிறது. மாதம் நாற்பது அழைப்பு வந்தால் கடை நிற்கும். மார்ச்சில் 9, ஏப்ரலில் 17, இந்த மாதம் இன்று வரை 11. அக்னி நட்சத்திரத்திலேயே இவ்வளவுதான்.

காரணமும் தெளிவு. ஒரு ஃபிரிட்ஜைச் சரியாகப் பழுதுபார்த்தால் அது நான்கு வருடம் ஓடும். நான்கு வருடத்துக்கு அந்த வீட்டுக்கு நான் தேவையில்லை. நவநீதன் காஸ் நிரப்பினால் ஆறு மாதத்தில் மறுபடி கூப்பிடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், குழந்தைக்குக் காது குத்துக்குப் பத்திரிகை வைக்கிறார்கள். நல்ல வேலை செய்பவனை ஊர் மறந்துவிடும். இது என் குறை இல்லை, வடிவமைப்பிலேயே உள்ள குறை.

இதை இருளப்பனிடம் சொன்னேன். 

"அப்ப ஒரு ஸ்குரூவை லூசா வச்சிட்டு வாங்க."

"விளையாடாதீங்கண்ணே."

"நான் எங்க விளையாடுறேன்? டீக்குச் சீனி கம்மியாப் போட்டாத்தான மறுபடி சீனி கேட்டு ஆளு வரும்." சொல்லிவிட்டு என் கிளாசில் அளவாகத்தான் போட்டார். 

மே 31 வரை பார்ப்பேன். நாற்பது வராவிட்டால் டெரன்ஸ்.

மே 19

மாவுக்கடைத் தெரு. சத்தம் சீராகவே இருக்கிறது.

மே 23

காலையிலிருந்து குளிர். 41 டிகிரி வெயிலில் குளிர். துணியை நனைக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போன் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து அரிசிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். அரிசிக்குள் போடுவதால் எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மே 24

அரசு ஆஸ்பத்திரி வரை நடந்தேன். டைபாய்டு. "வீட்டுல யாரு இருக்கா?" என்று நர்ஸ் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். பத்து நாள் மாத்திரை. திரும்பும்போது ரொட்டி வாங்கினேன்.

மே 25

படி இறங்க முடியவில்லை.

மே 27

எழுதிவிடுகிறேன். எழுதாமல் வைத்திருந்தாலும் சுரம் வரும்போது அதுதான் வருகிறது.

போன வருடம் அக்டோபர், மேற்கு மாம்பலம். மூன்றாவது மாடி, ஒரு தம்பதி. கணவர் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் 'உம்' என்று முனகி 'டக்' என்று அணைந்தது. மீட்டர் வைத்தேன். ரிலே. அன்று 29-ஆம் தேதி. அந்த மாத டார்கெட்டுக்கு இன்னும் இரண்டு கம்ப்ரசர் விற்க வேண்டியிருந்தது. டெரன்ஸ் காலையிலிருந்து நான்கு தடவை போன் செய்திருந்தார்.

"கம்ப்ரசர் போயிடுச்சு சார். ஏழாயிரத்து இருநூறு ஆகும்" என்றேன்.

அவர் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரி தம்பி, உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். நல்ல கம்ப்ரசரைக் கழற்றினேன். இரண்டு மணி நேரம் ஆனது. அந்த அம்மாள் எனக்குத் தயிர்சாதம் கொடுத்தார். உட்கார்ந்து சாப்பிட்டேன். கழற்றியதைக் கம்பெனி விதிப்படி நானே சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். மூன்று மாடி. நன்றாக ஓடக்கூடிய ஒன்பது கிலோ.

அவர் பின்னாலேயே இறங்கி வந்து, கனமாக இருக்கிறதே என்று சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

பொய் சொல்லிக் கழற்றிய நல்ல சாமான் வாடிக்கையாளர் கையில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் அந்த விதி. கழற்றியதைக் கொடுத்துவிட்டால் எவனும் பொய் சொல்ல முடியாது. போர்டில் அந்த வரி ஊருக்காக எழுதியது என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 29

ஜன்னலுக்குக் கீழே ஏதாவது பைக் நின்றால் எழுந்து பார்க்கிறேன். யாரும் வர முடியாது. அறை எங்கே என்று எவருக்கும் தெரியாது. தேவையில்லாத தகவல் என்று நான்தான் முடிவு செய்தேன்.

மே 31

சுரம் இல்லை. இந்த மாதம் மொத்தம் 14 அழைப்பு. நாளை கடையைக் காலி செய்துவிட்டு, சாவியை இருளப்பனிடம் கொடுத்துவிட்டு, மதுரைக்குப் போய் ரயில் ஏறுவேன். முடிவு எடுத்தாயிற்று.

ஜூன் 1

ரயில் ஏறவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கருவிப் பெட்டியை எடுக்கப் போனேன். ஷட்டரில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் போனால் கிறுக்கல் இல்லை. சாக்பீஸ் எழுத்து, மேலிருந்து கீழ் வரை.

"நெசவாளர் காலனி 3-வது தெரு, பச்சை கேட். ஐஸ் கட்டுது."

"சார் போன் எடுங்க." அதற்கு மட்டும் முகவரி போடவில்லை; எந்த வீடு என்று இருளப்பனுக்குத் தெரிந்திருந்தது.

"தனபாக்கியம் டீச்சர், வாட்டர் டேங்க் பக்கம். சாமானைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். மெதுவாக வாருங்கள்."

"ஹபீப் மெடிக்கல்ஸ். மாமியார் வீட்டு ஃபிரிட்ஜ். வேறு ஆளைக் கூப்பிடவில்லை."

"பிளக் வீடு, சொக்கலிங்கபுரம். ஞாபகம் இருக்கா? இந்தத் தடவை பிளக் சரியாத்தான் இருக்கு."

இருளப்பன் பாய்லரை விட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்குக் கோபம். இப்படி ஒரு கோபத்தை இந்த ஊரில் யாரும் என்மேல் காட்டியதில்லை.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சீரு? ஸ்டேஷன் பக்கம்னு மட்டும் சொன்னா நான் எத்தனை மாடி ஏறி எறங்குறது? மூணு நாளு தேடுனேன்!"

"டைபாய்டுண்ணே."

அவர் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். குரல் இறங்கியது. "வந்து வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போறாங்க. என் மண்டையில எத்தனை வீடு நிக்கும்? விலைப்பட்டியல் எழுதுற சாக்பீஸைக் கையில குடுத்து, அவன் ஷட்டர்லயே எழுதுங்கன்னுட்டேன்."

"நவநீதன்கிட்டப் போயிருக்கலாமே?"

"அதான் நானும் சொன்னேன். அவன் வேணாமாம், நீங்க வரட்டுமாம். கேட்டா எல்லாரும் ஒரே கதையைச் சொல்றாங்க. மாவு வாங்கப் போனா அந்தக் கனியக்கா எதையோ கிலுகிலுன்னு ஆட்டிக் காட்டுதாமே?"

அப்போதுதான் அந்த ஆணியும் நூலும் எதற்கென்று புரிந்தது. நான் வாசலோடு திரும்பி வந்த நாட்களில் எல்லாம் உள்ளே அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று அழைப்பு. பன்னிரண்டாவது எல்லாவற்றுக்கும் கீழே, குனிந்து படிக்க வேண்டிய இடத்தில், மேலேறிக்கொண்டே போகும் எழுத்தில் இருந்தது:

"மாவு சண்முகக்கனி. ஃபிரிட்ஜ் நல்லா ஓடுது. ஆளத்தான் காணும்."

குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டைபாய்டு மாத்திரை, பலவீனம். இருளப்பன் ஒரு கிளாஸ் பால் கொண்டுவந்து வைத்தார்.

ஜூன் 3

ஏழு முடிந்தது. முடிந்ததை ஈரத்துணியால் ஷட்டரிலிருந்து துடைத்துவிடுகிறேன். பிளக் வீட்டில் தெர்மோஸ்டாட். கழற்றியதைக் கொடுத்தேன். அவர் காதருகே வைத்துக் குலுக்கினார். இது சத்தம் போடாது என்றேன். ஏமாற்றமாகப் பார்த்தார்.

ஹபீபின் மாமியார் வீட்டில் பிரியாணி. சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.

ஜூன் 5

புதுப் போன். டெரன்ஸிடம் வர முடியாது என்றேன். காரணம் கேட்டார். "இங்கே அழைப்பு பாக்கி இருக்கு" என்றேன். பிறகு மேற்கு மாம்பலத்து முகவரி கேட்டேன். பழைய கம்ப்ளெய்ன்ட் எல்லாம் அழிந்துவிட்டது என்றார். பரவாயில்லை. தெருவும் மாடியும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அடுத்த மாதம் போவேன். கையில் என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை. அந்த ரிலே என்னிடம் இல்லை.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பிறகு, "அருப்புக்கோட்டையில வெயில் எப்படிக் கண்ணு?" என்றார். வெளியே எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

ஜூன் 6

பதினொன்றும் முடிந்தது. போர்டில் போன் நம்பருக்குக் கீழே அறையின் முகவரியை எழுதினேன். மாடி என்பதையும்.

ஷட்டரில் ஒரே ஒரு வரி பாக்கி. எது முடிந்தால் அதைத் துடைப்பது என்று தெரியவில்லை. பழுது எதுவும் பதிவாகவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மாலையில் மாவுக்கடைத் தெருவுக்குப் போனேன். உதிரிபாகக் கடை மதுரையில் இருக்கிறது. அந்தத் தெரு எதற்கும் குறுக்கு வழி இல்லை.